பனி உருகும் நாள் பார்த்திருந்தவர்

பொருளதிகாரம் பாடஞ் சொல்லும்போது ஆண்டுதோறும் ஓரிடத்தில் யான் சிறிது தயங்கி நிற்பதுண்டு. பெரும்பொழுது ஆறு என்று சொல்லியாயிற்று. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என மாணவரும் எழுதிக்கொண்டாயிற்று. எழுதியது ஏட்டில் நிற்கும், கண்ணில் நில்லாது. நமது நாட்டிற் பனி என்பது மார்கழி தை மாதங்களில் விடியற்காலையிற் புல் நுனியில் நிற்கும் ஈரம். ஞாயிறு ஒரு பனையளவு உயருமுன் அது மறைந்துபோம். வேம்பு பூத்தால் இளவேனில் என்போம். ஒரு பருவம் கழிந்து மறு பருவம் புகுவது நமக்கு ஒரே வீட்டில் ஒரு திண்ணையிலிருந்து மறு திண்ணைக்கு நகர்வது போன்றது.

ஓராண்டு மாணவன் ஒருவன் எழுந்தான். குளம் முழுவதும் கல்லாய் உறைந்துபோகும் நாடுகளில் இளவேனில் வந்ததை எப்படி அறிவார்கள் என்று கேட்டான். நூற்பாவில் அதற்கு விடை இல்லை. அன்று யான் அவனுக்கு ஒருவருடைய வாழ்க்கையைச் சொன்னேன். வகுப்பறையில் அரைமணி நேரத்திற் சொன்னதை ஈண்டுச் சற்று விரித்து எழுதுகின்றேன்.

அவர் பெயர் ஹென்றி டேவிட் தோரோ. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கொன்கோட் என்னும் சிற்றூரினர். வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938 இற் கடல் கடந்து சென்றடைந்த குளொஸ்ரர்த் துறைமுகமும் அந்த மாநிலத்ததே. ஆதலால் அந்தக் கரை நமக்கு முற்றும் அந்நியமன்று. ஆங்கிலம் பயில்வோர் தோரோவை வோல்டன் என்னும் நூலின் ஆசிரியராக அறிவர். காந்தியடிகளின் வரலாறு கற்போர் அவரைச் சட்டமறுப்பை எழுதியவராக அறிவர். எனக்கோ அவர் முல்லைத்திணைக்கு உரியவர். முல்லையின் உரிப்பொருள் இருத்தல். குறித்த பருவம் வரும்வரை ஆற்றியிருத்தலே அது. அவ்வாறு இருப்பவருடைய கண் வானத்தையும் புதரையும் ஓயாது பார்த்துக்கொண்டிருக்கும். தோரோ வாழ்நாள் முழுவதும் அங்ஙனம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பிறந்தது 1817 யூலை 12 இல். தந்தையார் பென்சில் செய்து விற்கும் தொழிலினர். உடன்பிறந்தார் மூவர்: ஹெலன், ஜோன், சோபியா. ஊரை அணைந்து கொன்கோட் ஆறு செல்கின்றது. சட்பரி, அசபெற் என்னும் இரண்டு ஆறுகள் கூடி உண்டாவது அது. ஓடுகின்றதோ நிற்கின்றதோ என்று ஐயுறும்படி மெல்ல நடக்கும் நீர். கரையெங்கும் புல்வெளி. அந்நிலத்துப் பழங்குடியினர் அதனைப் புல்நிலத்து ஆறு என்னும் பொருள்பட மஸ்கெற்றக்குவிட் என வழங்கினர். டிசெம்பரில் அந்த ஆறும் சூழவுள்ள குளங்களும் உறையும். பின்னர் மூன்று மாதம், சில ஆண்டுகளில் நான்கு மாதம், படகுகள் தலைகீழாய்க் கிடக்கும். நீர் திறக்கும் நாளை ஊரார் எல்லோருமே எதிர்பார்ப்பர். ஆனால் எல்லோரும் எதிர்பார்த்ததை ஒருவர் மாத்திரம் எழுதிவைத்தார்.

தோரோ 1837 இல் ஹாவாட்டிற் படித்துப் பட்டம் பெற்று ஊர் திரும்பினார். கிடைத்த தொழில் ஆசிரியத் தொழில். பிள்ளைகளைப் பிரம்பால் அடித்தலாகாது என்பது அவர் கொள்கை. பள்ளிக்கு மேற்பார்வை செய்ய வந்த குழுவினர் ஒருவர் பிரம்பின்றி வகுப்பு நடவாது என்று வற்புறுத்தினார். தோரோ அன்று சில மாணவரை அடித்தார்; அன்று மாலையே வேலையைத் துறந்தார். வேலையேற்றுச் சில நாட்களே ஆகியிருந்தன. இப்பகுதியைப் படிக்குந்தோறும் எனக்கு நாணம் மேலிடுகின்றது. தொழில் தொடங்கிய காலத்தில் யானும் பிரம்பெடுத்தவன். அது தவறென்று உணர எனக்குப் பத்தாண்டு சென்றது. அவருக்கு ஒரு பகல் போதியதாயிற்று.

அதே ஆண்டு ஒக்டோபர் 22 இல் அவர் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். ஊரில் வாழ்ந்த பேரறிஞர் எமேசன் அதற்குத் தூண்டுகோலாயினார். தோரோவுக்குப் பதினான்கு வயது மூத்தவர் அவர். அன்று தொடங்கிய நாட்குறிப்பு இருபத்துநான்கு ஆண்டு தொடர்ந்து, இருபது இலட்சம் சொற்களளவுக்கு வளர்ந்தது. அதனைத் தோரோவின் தலைநூல் என்று கருதுவாரும் உளர்.

1838 இல் அவர் தாமே ஒரு பள்ளி தொடங்கினார். விரைவில் அண்ணன் ஜோனும் வந்து சேர்ந்தார். அப்பள்ளியிற் பிரம்பு இல்லை. பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துச் செல்வர், ஆற்றில் வள்ளத்திலேற்றிச் செல்வர், நிலமளக்கக் கற்பிப்பர். ஜோன் எல்லோரோடும் கலந்து சிரித்துப் பேசும் இயல்பினர். ஹென்றி ஒதுங்கி நிற்பவர். அண்ணனை ஊரார் விரும்பினர், தம்பியை மதித்தனர். தம்பிக்கோ அண்ணனைவிட நெருங்கிய தோழர் வாழ்நாளில் வாய்க்கவில்லை.

1839 இளவேனிலில் உடன்பிறந்தார் இருவரும் ஒருவார உழைப்பில் ஒரு வள்ளம் கட்டினர். நீளம் பதினைந்து அடி. அகன்ற இடத்தில் மூன்றரை அடி. நீரில் அமிழும் பாகத்துக்குப் பச்சை வண்ணமும் விளிம்புக்கு நீலமும் தீட்டினர். இரண்டு பாய்மரம், துடுப்புகள், ஆழமற்ற இடத்தில் ஊன்றித் தள்ளுதற்குக் கோல்கள். ஆற்றின் பழம்பெயராகிய மஸ்கெற்றக்குவிட் என்பதே வள்ளத்தின் பெயராயிற்று. ஓகஸ்ட் 31 இல், தாம் விளைத்த உருளைக்கிழங்கையும் முலாம்பழத்தையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டனர். கொன்கோட் ஆற்றின் வழியே சென்று மெரிமாக் பேராற்றில் ஏறி, பின்னர் நிலவழியாக வெண்மலைத் தொடரையும் கண்டு, செப்டெம்பர் 13 இல் மீண்டனர். இரண்டு வாரப் பயணம். அவ்வளவே. ஆனால் தோரோவின் எஞ்சிய வாழ்வு முழுவதும் அந்த இரண்டு வாரத்தின் நிழல் படிந்திருக்கக் காண்கின்றோம்.

1841 இல் ஜோனின் உடல் நலிவால் பள்ளி மூடப்பட்டது. 1842 புத்தாண்டு நாளில் முகம் மழிக்கும் கத்தி ஜோனின் விரலிற் சிறிது பட்டது. பொருட்படுத்தத்தகாத காயமென்று துணி சுற்றி விட்டனர். சில நாட்களில் ஏர்ப்புவலி கண்டது, தாடை இறுகிற்று. அக்காலத்தில் அதற்கு மருந்தில்லை. ஜனவரி 11 இல் ஜோன் தம்பியின் கைகளிலேயே உயிர்நீத்தார். வயது இருபத்தேழு நிறையவில்லை. அதன்பின் சில நாட்களில் ஹென்றிக்கும் அதே நோயின் குறிகள் தோன்றின. தாடை இறுகிற்று, உடல் வலித்தது. காயமோ எங்கும் இல்லை. துயரமே அவ்வாறு நோயாய் வந்தது. வீட்டார் அவரையும் இழந்தோமென்றே அஞ்சினர். அவர் மெல்லத் தேறினார். அந்த மாத இறுதியில் எமேசனின் ஐந்து வயது மகனும் காய்ச்சலால் இறந்தான்.

அந்த ஆண்டு பனி உருகி ஆறு திறந்தபோது தோரோவுக்கு எப்படியிருந்திருக்கும் என்று யான் பலகால் எண்ணியதுண்டு. வள்ளம் கரையில் இருக்கின்றது. உடன் வலிக்கும் கை இல்லை. அவ்வாண்டிலேயே அந்த வள்ளத்தை அவ்வூருக்குப் புதிதாய் வந்த எழுத்தாளர் நத்தானியேல் ஹோத்தோணுக்கு ஏழு டொலருக்கு விற்றார். விற்றதோடமையாது, அதனைச் செலுத்தவும் அவருக்குக் கற்பித்தார். ஹோத்தோண் வள்ளத்துக்கு அல்லிமலரின் பெயரைச் சூட்டினார்.

1845 மார்ச் இறுதியில் தோரோ ஒரு கோடரியை இரவல் வாங்கிக்கொண்டு, ஊருக்குத் தெற்கே ஒன்றரை மைலிலுள்ள வோல்டன் குளக்கரைக்குச் சென்றார். நிலம் எமேசனுடையது. பைன் மரங்களை வெட்டி, பதினைந்தடி நீளமும் பத்தடி அகலமும் கொண்ட குடில் ஒன்றைத் தாமே எழுப்பினார். செலவு 28 டொலர் 12½ சதம். யூலை 4 இற் குடிபுகுந்தார். 1847 செப்டெம்பர் 6 வரை அங்கிருந்தார். அவர் துறவு பூண்டு காடேகினார் என்று நம்மவருட் சிலர் எழுதுவதுண்டு. அது பொருந்தாது. அவர் இடைக்கிடை ஊருக்கு வந்துபோவார். விருந்தினரும் குடிலுக்கு வருவர். அவர் அங்குச் சென்றது ஒரு நூல் எழுத. அண்ணனோடு ஆற்றிற் சென்ற பயணமே அந்நூலின் பொருள். இரண்டு வாரத்தை ஒரு வாரமாகச் சுருக்கி, நாளுக்கோர் அதிகாரமாக எழுதினார். அந்நூலில் ஜோனின் பெயர் ஓரிடத்தும் இல்லை. உடன்பிறந்தான் என்ற சொல்லே நின்று எல்லாவற்றையும் சுமக்கின்றது. அகத்திணையில் தலைமக்களின் பெயரைச் சுட்டலாகாது என்ற நமது மரபின் பொருள் அங்கே எனக்குப் புதிதாக விளங்கிற்று. அன்பு மிக்க இடத்திற் பெயர் வாய்க்கு வருவதில்லை.

நூல் 1849 இல் வெளிவந்தது. ஆயிரம் படி அச்சாயின. 1853 இல், விலைபோகாத 706 படிகளை வெளியீட்டாளர் திருப்பியனுப்பினார். தோரோ அவற்றை முதுகிற் சுமந்து மாடிக்கு ஏற்றினார். தம்மிடம் இப்போது ஏறக்குறைய தொள்ளாயிரம் நூல் உண்டென்றும், அவற்றுள் எழுநூற்றுக்கு மேல் தாமே எழுதியவை என்றும் நாட்குறிப்பில் நகைச்சுவையாகக் குறித்துவைத்தார்.

நிற்க. வோல்டன் குளத்துக்கு வருவோம். மாணவன் கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் உள்ளது.

வோல்டன் அறுபது ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட பரப்புடையது. ஆறு எதுவும் அதனுள் வந்து சேர்வதுமில்லை; அதிலிருந்து புறப்படுவதுமில்லை. அடியே இல்லாத குளம் என்று ஊரார் நம்பியிருந்தனர். தோரோ 1846 இன் தொடக்கத்தில், பனிக்கட்டி உடையுமுன் அதன்மேல் நடந்து துளையிட்டு, கயிறு விட்டு நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் ஆழம் பார்த்தார். மிக ஆழ்ந்த இடம் 102 அடி. பிற்காலத்தார் நுட்பக் கருவிகளால் அளந்தபோதும் அந்த எண் ஏறக்குறைய அப்படியே நின்றது.

ஆழமும் ஓட்டமின்மையும் சேர்ந்ததால் இக்குளம் தாமதித்தே திறக்கும். அயலிலுள்ள பிளின்ற் குளம் திறந்து ஒருவாரம் பத்துநாள் சென்ற பின்னரே வோல்டன் திறக்கும். காரணம் என்னவென்று தோரோ ஆராய்ந்தார். 1847 மார்ச் 6 இல் வெப்பமானியை நீருட் செலுத்திப் பார்த்தார். வோல்டனின் நடுவே 32 பாகை பரனைற், கரையருகே 33. பிளின்ற் குளத்தின் நடுவே 32½; அதே குளத்தில் ஆழமற்ற இடத்தில், ஓரடி தடித்த பனிக்கட்டியின் கீழ் 36. ஞாயிற்றின் வெப்பம் பனிக்கட்டியை ஊடுருவிச் சென்று, ஆழமற்ற இடத்தில் அடித்தரையிற் பட்டு மீண்டு, பனிக்கட்டியைக் கீழிருந்தும் உருக்குகின்றது என்று அவர் கண்டார். மேலே வெயில், கீழே தரையின் சூடு. இரண்டுக்கும் இடையே பனிக்கட்டி தேன்கூடு போலத் துளைபட்டு நெகிழும். நடப்பவர் குதிகாலை ஊன்றினால் அது சிறிது உள்வாங்கும். வசந்தத்தின் முதற்குறி அதுவே. பறவையன்று, பூவன்று, குதிகாலுக்குக் கீழே ஒரு நெகிழ்வு.

அடுத்த குறி ஓசை. காலை வெயில் சாய்வாய்ப் படத் தொடங்கியதும் குளம் முழங்கும். துயிலெழுந்து சோம்பல் முறிப்பவனைப்போல் அது நீண்டு அதிரும். நண்பகலில் அடங்கும், மாலையில் மீண்டும் முழங்கும். அதன்பின் நிலம் பேசும். புகையிரதப் பாதைக்காக மண்ணை வெட்டிய சரிவிலே, உறைந்த மணலும் களியும் இளகி, இலை வடிவமாகவும் கொடி வடிவமாகவும் வழிந்திறங்கும். தாவரத்தின் இலைக்கு முன்னே மண் தானே இலை விடுகின்றதென்று தோரோ வியந்தார். ஊரார் அழுக்கென்று ஒதுங்கிச் சென்ற அந்தச் சரிவைப்பற்றி அவர் எழுதிய பக்கங்களே வோல்டன் நூலின் உச்சம் என்று கருதுவோர் பலர். பின்னர் நீலநிறச் சிறு பறவை வரும். செந்தோளையுடைய கரும்பறவை சதுப்பிலிருந்து கூவும். சேற்று நிலத்தில் ஒரு முரட்டுச் செடி, தன்னுள் எழும் வெப்பத்தால் சூழ்ந்த பனியை உருக்கித் தலை நீட்டும். காட்டுவாத்துகள் வடக்கு நோக்கி இரவிற் குரலெழுப்பிச் செல்லும். தவளைகள் தொடங்கும்.

இறுதியில் ஒரு நாள், மழையும் காற்றும் சேர்ந்து, குளம் முழுவதும் திறந்துவிடும். அந்நாளைத் தோரோ ஆண்டுவாரியாகக் குறித்தார். 1845 இல் ஏப்ரல் 1. 1846 இல் மார்ச் 25. 1847 இல் ஏப்ரல் 8. 1851 இல் மார்ச் 28. 1852 இல் ஏப்ரல் 18. 1853 இல் மார்ச் 23. 1854 இல் ஏப்ரல் 7 அளவில். நமது பங்குனி சித்திரை மாதங்களே இவை. முந்திய நாளுக்கும் பிந்திய நாளுக்கும் இடையே இருபத்தாறு நாள் வேறுபாடு. காத்திருப்பவனுக்கு நாட்காட்டியால் ஆவதொன்றில்லை, குறிகளே துணை. திறந்த அன்றும் நீர் வெதுவெதுப்பாய் இராது. 102 அடி ஆழத்து நீர் முழுவதும் சூடேற இன்னும் பல வாரம் செல்லும். இக்காலத்தில் அத்தகைய குளிர்நாட்டு இளைஞர் பலகைமேல் நின்று துடுப்பு வலிக்கின்றனர். பனி போயிற்றென்று அவசரப்பட்டுக் குளிர்நீரில் விழுந்தோர் மூச்சடைத்து மாண்டதும் உண்டு. கண்ணுக்குத் திறந்த நீர் உடலுக்குத் திறவாதிருக்கும் அந்த இடைக்காலமே இருத்தலின் கடினமான பகுதி.

வோல்டன் குளத்துக்கும் தமிழ்நிலத்துக்கும் ஒரு தொடர்புண்டு. அக்காலத்தில் பிரெடரிக் ரியூடர் என்னும் பொஸ்ரன் வணிகர் குளிர்காலத்திற் குளங்களை அறுத்துப் பனிக்கட்டியைக் கப்பலேற்றி, 1833 இற் கல்கத்தாவுக்கு அனுப்பினார். பின்னர்ச் சென்னைக் கடற்கரையில் 1842 அளவில் அவர் பனிக்கட்டி சேமிக்கக் கட்டிய வட்டவடிவ மாளிகையே ஐஸ் ஹவுஸ். 1897 இல் விவேகானந்தர் அதிலே தங்கினார். பிற்காலத்தில் அது விவேகானந்தர் இல்லமாயிற்று. 1846-47 குளிர்காலத்தில் நூறு தொழிலாளர் பதினாறு நாள் வோல்டன் குளத்தை அறுத்தனர். தோரோ காலையிற் பகவத்கீதை படிப்பவர். சார்ள்ஸ் வில்கின்ஸ் 1785 இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு அது. தமது கிணற்று நீரைச் சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் பருகுவார்களென்றும், வோல்டன் நீர் கங்கையோடு கலக்கின்றதென்றும் அவர் எண்ணி மகிழ்ந்தார்.

இதைச் சொன்னவுடன் மாணவர், அப்படியானால் அந்தப் பனிக்கட்டி சென்னைக்கு வந்ததா என்று கேட்பர். உண்மையைச் சொல்லவேண்டும். அந்த ஆண்டு அறுத்துக் குவித்தவை பத்தாயிரம் தொன் என மதிக்கப்பட்டன. வைக்கோலும் பலகையும் கொண்டு மூடிவைத்தனர். ஆனால் அக்குவியல் எண்ணியபடி சந்தைக்குச் செல்லவில்லை. ஒரு பகுதி மாத்திரம் கொண்டுபோகப்பட்டது. எஞ்சியது இரண்டு கோடையைக் கண்டு, 1848 செப்டெம்பரிலேதான் உருகி முடிந்தது. பெரும்பகுதியைக் குளம் திரும்பப் பெற்றுக்கொண்டது என்று தோரோவே எழுதிவைத்தார். தமது கற்பனையைத் தாமே திருத்தும் இந்த நேர்மைதான் அவர் குறிப்புகளுக்குப் பிற்காலத்தில் மதிப்பளித்தது.

அவர் சிறைசென்ற செய்தியை யாவரும் அறிவர். அடிமை முறையைக் காக்கும் அரசுக்கும் மெக்சிக்கோ மீது தொடுத்த போருக்கும் துணைபோகேன் என்று தலைவரி செலுத்த மறுத்தார். 1846 யூலையில் ஓரிரவு சிறையில் வைத்தனர். அதுபற்றிய கட்டுரை 1849 இல் வெளிவந்தது. தென்னாபிரிக்காவிலிருந்த காந்தியடிகள் 1907 இல் அதன் கருத்துக்களைத் தமது இதழில் வெளியிட்டார். இதனை விரித்தோர் பலர் ஆதலின் யான் விரிக்கவில்லை. ஒன்றை மட்டும் குறிப்பேன். அச்சிறையிரவு, வோல்டனில் இருந்த இரண்டு ஆண்டுக்கு நடுவே நிகழ்ந்தது. பூவின் நாளை எண்ணுபவர் நாட்டின் நீதியை எண்ணார் என்பது பிழை.

வோல்டனை விட்டபின் நில அளவையாளராகப் பிழைப்பு நடத்தினார். வோல்டன் நூல் 1854 ஓகஸ்ட் 9 இல் வெளிவந்தது. நாள்தோறும் நான்கு மணி நேரமளவு நடப்பார். ஐந்நூறுக்கு மேற்பட்ட தாவரங்களைக் கவனித்து, பலவற்றுக்கும் முதற்பூ மலர்ந்த நாளை ஆண்டுதோறும் குறித்தார். ஜோனோடு கட்டிய வள்ளம் போயினும் ஆற்றை விடவில்லை. வேறு வள்ளம் வைத்திருந்தார். மார்ச்சில் ஆறு திறக்கும் குறி தோன்றியதும் வள்ளத்தை வெளியே எடுத்துக் கவிழ்ப்பார். பலகை இணைப்புகளுக்குக் கலப்பற்றுச் செய்து வண்ணம் பூசுவார். ஆற்றின் நடுவே பனிக்கட்டி மிதக்கும்போதே இறக்கிவிடுவார். 1857 இல் மெயின் மாநிலக் காட்டுக்குச் சென்றார். வழிகாட்டியாய் வந்த பெனொப்ஸ்கொற் பழங்குடியினரான ஜோ போலிஸ், மரப்பட்டைத் தோணியிற் துடுப்பைப் பிடிக்கும் முறையை அவருக்குக் கற்பித்தார். முடிவிற் சிறந்த துடுப்பாளர் என்னும் பொருளுடைய பெயரொன்றையும் தமது மொழியில் வழங்கினார். தோரோ பெற்ற பட்டங்களில் இதனினும் பொருத்தமானது யான் அறியேன்.

1855 இல் இங்கிலாந்து நண்பர் ஒருவர் இந்திய நூல்கள் நாற்பத்துநான்கு தொகுதிகளை அவருக்குப் பரிசாக அனுப்பினார். நூல்கள் கப்பலில் வந்துகொண்டிருக்கையில், ஆற்றில் மிதந்து வந்த மரத்துண்டுகளை வள்ளத்திற் சேர்த்துவந்து தோரோ ஒரு நூற்பேழை செய்தார். நமது ஞானநூல்களுக்குக் கொன்கோட் ஆறு கொடுத்த ஆசனம் அது.

1860 டிசெம்பரில், வெட்டிய மரங்களின் வளையங்களை எண்ணப் போனவிடத்திற் குளிர் பிடித்தது. அது மார்புநோயாய் முற்றிற்று. அவர் குடும்பத்தில் முன்னரே புகுந்திருந்த காசநோய் அது. இடம் மாறினால் நலமாமென்று 1861 இல் மினசோற்றாவுக்குச் சென்று மீண்டார், பயனில்லை. அந்நாட்களில் தமது பத்தாண்டுக் குறிப்புகளைத் திரட்டி, மாதவாரியாகப் பெரிய அட்டவணைகளாக எழுதத் தொடங்கியிருந்தார். எந்தப் பூ எந்நாளில் மலரும், எந்தப் பறவை எந்நாளில் வரும், ஆறு எந்நாளில் திறக்கும் என்று கொன்கோட்டுக்கு ஒரு பஞ்சாங்கம் சமைப்பது அவர் எண்ணம். அது முற்றுப்பெறவில்லை. 1861 நொவெம்பரோடு நாட்குறிப்பும் நின்றது.

கடைசிக் குளிர்காலத்தில் அவர் வெளியிற் செல்ல இயலாமல் முன்னறையிற் படுத்திருந்தார். மூத்த உறவினர் ஒருவர், இறைவனோடு இணக்கம் செய்துகொண்டாயா என்று வினவ, தாம் அவரோடு பிணங்கியதாக நினைவில்லையே என்று விடையிறுத்தார். ஆறு திறந்தது, அவர் வள்ளம் இறங்கவில்லை. 1862 மே 6 காலை, தங்கை சோபியா அருகிருந்து, அண்ணனோடு சென்ற ஆற்றுப் பயண நூலை வாசித்துக்கொண்டிருந்தார். ஊர் நோக்கித் திரும்பும் பகுதி வந்தபோது, இனி நல்ல பாயோட்டம் வருகின்றதென்று தோரோ மெல்லச் சொன்னார் என்பர். சிறிது நேரத்தில் உயிர் பிரிந்தது. வயது நாற்பத்துநான்கு. மூன்று நாள் கழித்து நடந்த இறுதிச் சடங்கில் எமேசன் உரையாற்றினார். பேழைமேற் காட்டுப்பூக்கள் கிடந்தன. பள்ளிப் பிள்ளைகள் திரளாக வந்து நின்றனர். பிரம்பை வைத்துவிட்டுப் போன ஆசிரியருக்கு வேறென்ன சிறப்பு வேண்டும்?

இத்துடன் கதை முடியவில்லை. அந்த முற்றுப்பெறாத அட்டவணைகள் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு கழித்து வேறொரு தொழிலுக்குப் பயன்பட்டன. பொஸ்ரன் பல்கலைக்கழகத்துத் தாவரவியலாளர் றிச்சட் பிறைமாக்கும் அவர் மாணவர் ஏப்பிரகாம் மில்லர்-றஷிங்கும் தோரோ குறித்த இடங்களிலேயே திரிந்து, அதே செடிகளின் முதற்பூவைப் பார்த்தனர். 2008 இல் வெளியான அவர்கள் ஆய்வின்படி, தோரோ காலத்தினும் சராசரி ஏழுநாள் முந்தி அவை மலர்கின்றன. அவர் கண்ட செடியினங்களிற் கால்பங்குக்கு மேல் இப்போது அங்கே இல்லை. வோல்டன் பனியும் முன்னையினும் விரைந்தே உருகுகின்றது. பூமி சூடேறுகின்றது என்பதற்கு அவருடைய குறிப்பேடு சான்றாயிற்று. சான்று சொல்லவேண்டுமென்று அவர் எழுதியதில்லை. நீர் திறக்கும் நாளை எதிர்நோக்கியவர், பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார், அவ்வளவே.

நமது அகப்பாடல்களில் ஒரு துறை உண்டு. கார்காலத்தில் வருவேன் என்று சென்ற தலைவன் வரவில்லை. கொன்றையோ பூத்துவிட்டது. தலைவி கலங்குகின்றாள். தோழி ஆற்றுவிக்கின்றாள்: பருவம் இன்னும் வரவில்லை, காலமல்லாக் காலத்து மழையைக் கண்டு கொன்றை மயங்கிப் பூத்துவிட்டது என்கின்றாள். பொய்யென்று இருவரும் அறிவர். ஆயினும் அதில் ஓர் ஆறுதல் இருந்தது. பருவம் பிழையாது, பூவே பிழைக்கும் என்ற நம்பிக்கை அதன் அடியில் இருந்தது. இன்று கொன்கோட்டில் ஒருவாரம் முந்திப் பூக்கும் பூவைப் பார்த்து, அது மயங்கிற்று என்று நாம் சொல்லமுடியாது. பூ மயங்கவில்லை. பருவமே இடம் பெயர்ந்துவிட்டது. இருந்து பார்த்தவர் ஒருவர் எழுதிவைத்தமையால் அதை அறிகின்றோம்.

அன்று வகுப்பு முடிந்தபின் கேள்வி கேட்ட மாணவன் மேசையருகே வந்தான். நமது ஊரில் யாராவது இப்படி எழுதிவைத்திருக்கின்றார்களா என்று கேட்டான். எனக்குத் தெரிய இல்லை என்றேன். மறுவாரம் அவனுடைய இலக்கணக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி கண்டேன். எங்கள் வாசல் வேம்பு, முதற்பூ, பங்குனி 18 என்றிருந்தது. யான் அதன்கீழ்ச் சரி என்று குறியிட்டுக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன்.